முன்னும் பின்னும் நட்சத்திரம்

இராஜாங்கம் காவிரிப் பாசன உழவர் கடன் கழகத்துக்குத் தர வேண்டியிருந்தது இருபத்து மூவாயிரத்து நானூற்றுப் பதினேழு ரூபாய் அறுபது காசு. அசல், வட்டி, அபராத வட்டி, அந்த அபராத வட்டிக்கு ஒரு வட்டி என்று புரட்டாசிக் கடைசி வரைக்கும் கழகமே போட்டுக் கொடுத்த கணக்கு. ஷார்ஜாவில் வெயிலில் நின்று கட்டடத்துக்குக் கம்பி கட்டிய காசில் ரூபாயை எல்லாம் சேர்த்துவிட்டார். அந்த அறுபது காசுதான் பாடாய்ப் படுத்தியது. எட்டணா நன்னிலம் கடைத்தெருவில் கிடைத்தது. பத்து காசை எவனும் கண்ணால் பார்த்தே வருஷக்கணக்காகியிருந்தது. கடைசியில் அவர் மனைவி அம்சம் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த மஞ்சள் துணியை அவிழ்த்து ஒரு பத்து காசை எடுத்துக் கொடுத்தாள்.

"சாமி காசுங்க. ரசீது வாங்காம வந்துடாதீங்க."

வந்துவிடுவாரா? அவருடைய அப்பன் பண்ணையாளாய் இருந்து, நாலு மரக்கால் நெல்லுக்கு வாங்கின கடனை ஆயுசு முழுக்க உழைத்துக் கட்டினவர். கட்டினது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்ற கணக்கு பண்ணைவீட்டு ஐயாவின் வாயில் இருந்தது. அந்த வாய்க்குப் பயந்துதான் இராஜாங்கம் முப்பது வயதுக்கு மேல், சொந்தப் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, அறிவொளி வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டப் படித்தார். தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதை எந்த வாயும் மாற்ற முடியாது என்று நம்பினார். நம்பிக்கைக்கு யாரும் வரி போடுவதில்லை.

லீவில் வந்தவருக்கு இருந்தது ஒரே வேலை. பணத்தைக் கட்டி, கழகத்தின் இரும்பு பீரோவில் கிடக்கும் ஒரு ஏக்கர் நிலத்துப் பத்திரத்தை மீட்டு, அம்சம் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏற வேண்டும். இல்லாவிட்டால் புரட்டாசிக் கடைசியில் நிலம் ஏலம். அப்படித்தான் கழகம் அறிவிப்பு அனுப்பியிருந்தது. பளபளவென்று அச்சடித்த அறிவிப்பு. அதில் ஒரு எழுத்துக்கூட மங்கவில்லை.

கழகத்தின் எழுத்தர் ராஜாத்தி பணத்தை எண்ணினாள். கணினியில் என்னவோ தட்டினாள். அச்சுப்பொறி இருமிக்கொண்டே ஒரு தாளைத் துப்பியது. இராஜாங்கம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு நகர்ந்து, வழக்கம்போல எழுத்தெழுத்தாகப் படிக்க ஆரம்பித்தார். முதலில் ஒரு கட்டம். அப்புறம் ஒரு கேள்விக்குறி. அப்புறம் தலைமேல் இரண்டு புள்ளி வைத்த ஒரு இங்கிலீஷ் எழுத்து. மறுபடி கட்டம்.

அவருக்கு வேர்த்துவிட்டது. அரபுநாட்டு வெயிலில் ஐந்து வருஷம் காய்ந்ததில் படித்த எழுத்தெல்லாம் ஆவியாகிப் போய்விட்டதா?

"தப்பா எடுத்துக்காதம்மா. எனக்குப் படிக்க வரலை."

"எனக்கும்தான் வரலை, அண்ணே. ஃபாண்ட் மாறிப் போச்சு." அவள் தாளை வாங்கிக் கிழித்தாள். பணத்தையும் திருப்பித் தள்ளினாள். "ரசீது இல்லாம பணம் வாங்கக் கூடாது. படிக்க முடியாத ரசீதைக் கொடுக்கவும் கூடாது. போய்ட்டு அடுத்த வாரம் வாங்க."

விஷயம் என்னவென்றால், கணினிக்குத் தமிழ் எழுத்து தானாகத் தெரியாது. எழுத்துகளின் உருவத்தை ஒரு கோப்பாகச் செய்து உள்ளே வைக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் ஃபாண்ட். மரியாதையாகச் சொன்னால் எழுத்துரு. ஒருவர் செய்த எழுத்துருவில் அடித்ததை இன்னொருவர் எழுத்துருவில் திறந்தால் கடனாளி கட்டமாகவும் தொகை கேள்விக்குறியாகவும் தெரியும். முன்பெல்லாம் கழகத்துக்குப் புதுச் செயலாளர் வந்தால் நாற்காலியில் போட்ட துண்டை மாற்றுவார். கணினி வந்த பிறகு எழுத்துருவை மாற்றினார்கள். மச்சான் செய்தது, மச்சானுக்குத் தெரிந்தவர் செய்தது, கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர் செய்தது என்று நூற்றுக்கணக்கில் உள்ளே குவிந்து கிடந்தன.

எந்தக் கோப்பை எந்த எழுத்துருவில் அடித்தோம் என்பது யாருக்கும் நினைவில்லாமல் போனபோது, கழகம் ஒரு முறை கண்டுபிடித்தது. கோப்பின் பெயரிலேயே, இங்கிலீஷ் எழுத்தில், எழுத்துருவின் பெயரை முதலில் போட்டுவிடுவது. 'செங்கதிர்-இராஜாங்கம்-கடன்'. 'வயற்காற்று-வட்டிக்கணக்கு'. ஆளுக்குச் சாதி ஒட்டிக்கொள்வது மாதிரி ஒவ்வொரு கோப்புக்கும் எழுத்துரு முன்னால் ஒட்டிக்கொண்டது. இதைத் தனிப்பெரும் சாதனை என்று ஆண்டறிக்கையில் போட்டிருந்தார்கள். ஆண்டறிக்கை கட்டம் கட்டமாக வந்திருந்ததால் யாரும் மறுக்கவில்லை.

இராஜாங்கம் செயலாளர் செல்லதுரையின் அறைக்குப் போனார்.

"ஐயா, கையாலயாவது ஒரு ரசீது எழுதிக் கொடுத்துடுங்க."

"கையாலயா?" செல்லதுரை சாமி கும்பிடுகிற இடத்தில் செருப்பைப் பார்த்த மாதிரி பார்த்தார். "கழகம் கணினிமயமாகி எட்டு வருஷம் ஆச்சுய்யா. இனிமே கையால எழுதினா உலகம் சிரிக்கும்."

"இந்த ஏல நோட்டீஸ்ல என் பேரைக் கையாலதானே எழுதியிருக்கு?"

செயலாளர் அறிவிப்பை வாங்கிப் பார்த்தார். அவர் கையெழுத்தேதான்.

"அது நாங்க உங்கிட்டேருந்து எடுக்குறதுக்கு. எடுக்கிறதுக்குக் கை போதும். கொடுக்கிறதுக்குத்தான் கணினி வேணும்."

"நான் பணம் கட்டத்தானே வந்திருக்கேன். வாங்கிக்கிறதுதானே இதுவும்?"

"பணத்தை வாங்குறோம், சரி. ரசீதைக் கொடுக்கணுமே! அங்கதான்யா நிக்குது வண்டி. தஞ்சாவூர்லேருந்து குழு வருது. வந்து எல்லாத்தையும் சரி பண்ணிடும். அதுவரைக்கும் பொறுமையா இரு. ஏலத் தேதியை மட்டும் மறந்துடாதே."

குழு அடுத்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இராஜாங்கம் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு தினமும் போய் மரப்பெஞ்சில் உட்கார்ந்து வந்தார். "ஷார்ஜாவுலகூட ஓவர்டைம் இந்த அளவுக்கு நீங்க பார்த்திருக்க மாட்டீங்க" என்றாள் அம்சம்.

ஒருவழியாக, லீவு முடிகிற வாரத்தில், எழுத்துரு ஒழுங்காற்றுக் குழு இரண்டு காரில் வந்து இறங்கியது. வாசலில் வரவேற்புத் தட்டி. அதிலும் நடுவில் இரண்டு கட்டங்கள் இருந்தன. பூமாலையை இறக்கிக் கட்டி மறைத்திருந்தார்கள். கணினிக்குச் சந்தனம் வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். மூச்சு முட்டி அது ஒருமுறை தானாக அணைந்து எழுந்தது. குழுத் தலைவர் முனைவர் நெடுமாறன் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த உழவர் பெருமக்களே!" உழவர் பெருமக்கள் பெஞ்சில் ஒருவர் இருந்தார். "எழுத்துருவியலில் ஆய்வு செய்து பட்டம் பெற்றவன் நான். கணினியை இயக்க எனக்குத் தெரியாது என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன். இயக்கத் தெரிந்தவனுக்கு இயக்குவதிலேயே புத்தி போய்விடும். அவனால் நடுநிலையோடு முடிவெடுக்க இயலாது. இந்தக் குழு இதுவரை ஏழு முறை கூடியிருக்கிறது. ஆறு கூட்டங்களில் எங்கள் பயணப்படியை விவாதித்தோம். அயராத அந்த உழைப்பின் பயனாக ஏழாவது கூட்டத்தில் முடிவு பிறந்தது. ஒரே கழகம்! ஒரே எழுத்துரு! மற்ற அனைத்தும் அழிக! இனி 'செங்கதிர்-இரண்டு' மட்டுமே கழகத்தின் அதிகாரபூர்வ எழுத்துரு. அதை என் மருமகன் தன்னலம் பாராமல் செய்து, மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்திருக்கிறார்."

செல்லதுரை எழுந்து நின்று கைதட்டினார். இராஜாங்கமும் தட்டினார். தட்டாவிட்டால் பத்திரம் தாமதமாகுமோ என்று பயம்.

அழிக்கிற வேலைக்கு ஒப்பந்தக்காரர் ஒரு ஆளை அனுப்பியிருந்தார். கூத்தாநல்லூர்க்காரன், சமீர் என்று பெயர். சட்டைப்பையில் இரண்டு பேனாவும் முகத்தில் பசியுமாக இருந்தான். அவன் பொன்னாடையை விலக்கிவிட்டு, படமெல்லாம் மறைந்துபோய் வெறும் கருப்புத் திரை வருகிற மாதிரி என்னவோ செய்தான். வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி.

"சார், ஃபாண்ட் கோப்பெல்லாம் டி.டி.எஃப். அப்படின்னு முடியும். பேரு என்னவா இருந்தாலும் சரி, முடிவு அதுவா இருந்தா எடுன்னு சொல்லணும். முன்னாடி ஒரு நட்சத்திரம் போட்டா, 'எதுவா இருந்தாலும்'னு அர்த்தம். ஒரு நிமிஷ வேலை."

தட்டினான். அழிப்பதற்கு முன் காட்டும் பட்டியலாகப் பெயர்கள் மளமளவென்று ஓடின. செல்லதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ராஜாத்தியை வாசிக்கச் சொன்னார். அவர் மச்சான் செய்த எழுத்துரு பட்டியலில் இல்லை.

"என்னப்பா, என் ஃபாண்டை மட்டும் ஒதுக்கிட்டே?"

"அதோட முடிவைப் பெரிய எழுத்துல அடிச்சிருக்காங்க சார். இதுக்குப் பெரிய எழுத்து வேற, சின்ன எழுத்து வேற. கட்டளையில ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தா ரெண்டையும் பிடிச்சிடும்."

"நில்லுங்கள்!" என்றார் நெடுமாறன். "பெரியது சிறியது என்று பாகுபாடு பார்க்கிற கட்டளையை இந்தக் குழு ஏற்காது."

"அதோட முடிவை வச்சு ஒருத்தரை எடை போடுறது நம்ம வழக்கமும் இல்ல" என்றார் செல்லதுரை. "முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிட்டு அழிங்க. அதுதான் மரியாதை."

குழு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. நெய்யில் முறுகின முந்திரிப் பக்கோடா வாசனை வந்தது. வெளியே வந்து தீர்மானத்தை வாசித்தார்கள்: எழுத்துருவின் பெயரைச் சொல்ல வேண்டும். பெயருக்கு முன்னால் மட்டும் நட்சத்திரம் இருப்பது பின்பக்கத்தை அவமதிப்பதாகும். ஆகவே முன்னும் பின்னும் நட்சத்திரம்.

சமீர் தலையைச் சொறிந்தான். "ரெண்டு பக்கமும் போட்டா, அந்தப் பேரு எங்க வந்தாலும் பிடிக்கும் சார். முதல்ல தேட மட்டும் செய்வோம். என்னென்ன மாட்டுதுன்னு பார்த்துட்டு அப்புறம் அழிப்போமே."

நெடுமாறன் சிரித்தார். "தம்பி, நீங்கள் வயதில் சிறியவர். நிர்வாகம் தெரியாது. பார்த்துவிட்டு அழித்தால் அது என் முடிவு. பார்க்காமல் அழித்தால் அது குழுவின் முடிவு."

சமீருக்குச் சம்பளம் பேச்சுக்கு அல்ல. ஆனாலும் மனசு கேட்காமல், ஒவ்வொரு கோப்பையும் 'அழிக்கவா?' என்று கேட்டு, 'ஆம்' என்று ஒரு எழுத்தைத் தட்டினால் மட்டும் அழிக்கிற மாதிரி கட்டளையை அமைத்தான். "படிச்சுப் பார்த்துத் தட்டுங்க சார். அவசரப்படாதீங்க."

முதல் 'ஆம்' தலைவர் தட்டினார்; படம் எடுத்தார்கள். இரண்டாவது செயலாளர். மூன்றாவது தலைவரின் துணைவியார். ஒன்பதாவதுக்குள் தலைவருக்கு மணிக்கட்டு வலித்தது. சமீர் உட்காரப் போனான்.

"நீ கூடாது" என்றார் செல்லதுரை. "கோப்புப் பேரெல்லாம் கழகத்தோட ரகசியம். நீ வெளியாள், அதுவும் படிச்சவன். போய்ச் சாப்பிட்டுட்டு வா. மெதுவா வா." அறையைச் சுற்றிப் பார்த்தார். கண் பெஞ்சில் போய் நின்றது. "இராஜாங்கம், உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாதுங்க. தமிழ் மட்டும்தான், அதுவும் மெதுவா."

"தங்கமான ஆளு! வந்து உட்காரு. படிக்கத் தெரியாதவன்தான் ரகசியம் காப்பான். கூலி எண்பது ரூபா."

இராஜாங்கம் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ராஜாத்தி இரண்டு பொத்தானைக் காட்டினாள். இதை ஒரு தட்டு, அதை ஒரு தட்டு. திரையில் ஒரு வரி வந்து, பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றது.

"என்னங்க கேக்குது இது?"

"என்ன கேட்டா உனக்கென்ன? ஆமான்னு சொல்லு. பொதுக்குழுவுல வருஷா வருஷம் அதைத்தானே பண்றீங்க."

அது உண்மைதான். இராஜாங்கம் தட்டினார். வேலை என்று வந்துவிட்டால் அவருக்குக் கை நிற்காது. நாற்று முடியைப் பிரித்துச் சேற்றில் குத்திக்கொண்டே பின்னால் நகர்கிற மாதிரி, ஒரு தட்டு, அடுத்த தட்டு, ஒரு தட்டு, அடுத்த தட்டு. குழு பக்கோடாவிலிருந்து காப்பிக்கு நகர்ந்தது. ஊர்வலம் மாதிரி பெயர்கள் வந்து, கேட்டு, போயின. அதில் இராஜாங்கம் என்றும் ஒருவர் போனார். இங்கிலீஷ் எழுத்தில் போனதால் இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

சாயங்காலம் திரை கேள்வி கேட்பதை நிறுத்தியது. முனைவர் நெடுமாறன் வெற்றியை அறிவித்தார். அந்தக் கட்டளையையே எல்லாக் கிளைகளுக்கும் தலைமையகத்துக்கும் தொலைபேசியில் சொல்லி உடனே நிறைவேற்றச் சொன்னார். கழகத்தின் வரலாற்றில் ஒரு சுற்றறிக்கைக்கு அன்றைக்கே கீழ்ப்படிந்தது அதுதான் முதல்முறை.

மறுநாள் காலை இராஜாங்கம் முதல் ஆளாகப் போய் நின்றார். ராஜாத்தி கணினியில் தேடினாள். மறுபடி தேடினாள். நிமிர்ந்து பார்த்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, நீங்க இங்க கடனே வாங்கலை."

"வாங்கினேனேம்மா."

"நீங்க மட்டுமில்ல. யாருமே வாங்கலை."

எழுத்துருவின் பெயரோடு பிறந்த கடன் கோப்புகள் எல்லாம் எழுத்துருக்களோடு கைகோத்துக்கொண்டு போயிருந்தன. பெயரில் 'செங்கதிர்' இருந்த பாவத்துக்காகத் தலைவருடைய மருமகனின் 'செங்கதிர்-இரண்டு'ம் போயிருந்தது. செல்லதுரை தொலைபேசியில் சமீரைப் பிடித்தார்.

"தம்பி, குப்பைத்தொட்டியில கிடக்குமில்ல? எடுத்துக் கொடு."

"கருப்புத் திரையில அழிச்சா குப்பைத்தொட்டி கிடையாது சார். போனது போனதுதான். படிச்சுப் பார்த்துத் தட்டச் சொன்னேனே? யாரு தட்டினது?"

செல்லதுரை தொலைபேசியை வைத்துவிட்டுக் குத்தாலத்துக்குக் கார் எடுத்தார். அங்கே பழைய தாள் கடை வைத்திருக்கும் ஹபீப் முகம்மதுவிடம்தான், கணினி வந்த நாளில், பேரேடுகளை எல்லாம் விழா எடுத்து எடைக்குப் போட்டிருந்தார்கள்.

"எட்டு வருஷமாச்சுங்களே சார்" என்றார் ஹபீப் முகம்மது. "உங்க பேரேட்டுல கட்டின பொட்டுக்கடலையைத் தின்ன பையனுக்கு இந்தத் தையில நிக்காஹ். வேணும்னா அவனைக் கேட்டுப் பாருங்க."

திரும்பி வந்தவர் இராஜாங்கத்தைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நெடுமாறனும் உள்ளே இருந்தார்.

"அமுக்கினது நீதானே?"

"ஆமாங்க." ஏலத்துக்கு மிச்சம் இரண்டே நாள். இப்போது ஜெயிலும் சேர்ந்துகொண்டது.

"போலீஸுக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியாதுங்க. நீங்க சொல்லித்தான் அமுக்கினேன்னு, கூலி எண்பது ரூபான்னு, ஒரு ரசீது போட்டுக் கொடுங்க. அதைப் போலீஸ்ல காட்டிக்கிறேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என் கடன் எவ்வளவுன்னு எனக்கு ஞாபகம் இருக்குங்க" என்று இராஜாங்கம் மடியை அவிழ்த்தார். "இருபத்து மூவாயிரத்து நானூற்றுப் பதினேழு ரூபா அறுபது காசு. இந்தாங்க. வாங்கிக்கிட்டுப் பத்திரத்தைக் கொடுங்க."

செல்லதுரை நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "உள்ள வை! முதல்ல அதை உள்ள வை! நீ வாயால இருக்குன்னு சொல்லி நான் வாங்கிட்டா, மத்தவனெல்லாம் வாயால இல்லைன்னு சொல்லுவான். ஏன் இல்லைன்னு ஆடிட்டர் கேப்பான். உன் ஒருத்தன் நேர்மைக்காகக் கழகத்தையே கவுக்கச் சொல்றியா?"

"நான் வாங்கினது நிஜங்க."

"நிஜம் எல்லாம் கோப்புல இருக்கணும்யா!"

மறுநாள் மறுபடி குத்துவிளக்கு, மறுபடி மைக். பீரோவில் பத்திரங்கள் இருந்தன, பத்திரங்களுக்குக் கடன் இல்லை. தணிக்கை வருவதற்குள் அவற்றை வெளியேற்றியாக வேண்டும். முனைவர் நெடுமாறன் கண்கலங்கினார்.

"உழவர் பெருமக்களே! யாருக்கு எவ்வளவு கடன் என்ற ஏற்றத்தாழ்வு பாராமல், தொகை பாராமல், பெயரும் பாராமல், கழகம் அனைத்துக் கடன்களையும் தள்ளுபடி செய்கிறது. இப்படி ஒரு தள்ளுபடியைக் கணக்குத் தெரிந்த எந்த நிறுவனமாவது செய்ய முடியுமா?"

கூட்டம் கைதட்டியது. முடியாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பத்து ஏக்கருக்குக் கடன் வாங்கி வருஷக்கணக்காகக் கட்டாத மிராசுதார்கள் மேடையேறிப் பத்திரம் வாங்கி, தலைவருக்கு மாலை போட்டார்கள். இராஜாங்கத்தின் முறை வந்தபோது செல்லதுரை பத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினார், குலுக்குவதற்கு.

இராஜாங்கம் பத்திரத்தைத்தான் பார்த்தார். எழுத்தெழுத்தாகப் படித்தார். தன் பேர் இருந்தது, அப்பன் பேர் இருந்தது, கிழக்கே வாய்க்கால் இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன் யாரோ ஒரு எழுத்தர் மையால் எழுதியது. ஒரு இடத்தில்கூடக் கட்டம் இல்லை.

விழா முடிந்து அம்சத்தையும் கூட்டிக்கொண்டு செயலாளர் அறைக்குப் போனார்.

"கடன் தீர்ந்துச்சுன்னு ஒரு ரசீது, ஐயா."

"இல்லாத கடனுக்கு ஏதுய்யா ரசீது?"

"அப்போ அந்த எண்பது ரூபாக் கூலி."

செல்லதுரை பெருமூச்சு விட்டார். நன்றி கெட்டவர்களுக்கே காலம் என்கிற பெருமூச்சு. "அந்தக் கூலிக் கணக்கும் அதுலயே போயிடுச்சுய்யா. அதையும் தள்ளுபடியில சேர்த்தாச்சு. இருபதாயிரம் ரூபாய்க்கு மேல உன் கடனை நாங்க விட்டுக் கொடுத்தோம். எண்பது ரூபா எங்க கடனை நீ விட்டுக் கொடுக்கக் கூடாதா?"

இராஜாங்கம் வாயைத் திறந்தார். அம்சம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பத்திரம் கையில இருக்குல்ல. இவங்களுக்குத் திரும்பவும் எழுத வந்துடுறதுக்குள்ள கிளம்புங்க."

அவர் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். மடியைத் துழாவி, எட்டணாவையும் பத்து காசையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதையாவது வச்சுக்குங்க. ரசீது வேணாம்."

செல்லதுரை அவரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், காசைப் பார்த்தார். பிறகு, ரசீது இல்லாமல், கணினி இல்லாமல், வெறும் கையால் அதை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார்.